கிருமியை எடைபோடும் கருவியும், நம் வீட்டு மீதி மாத்திரையும்



எங்க பாட்டிக்கு ஒருமுறை குளிர்காய்ச்சல் வந்தது. எனக்கு எப்போதோ வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரை மூணு வீட்டில் மீதி இருந்தது. அதையே கொடுத்தோம். மூணாம் நாள் காய்ச்சல் ஏறி, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சிறுநீர் கல்ச்சர் பரிசோதனை எடுத்தார்கள். "கிருமி வளரவில்லை" என்று ரிப்போர்ட் வந்ததும் எங்களுக்கு ஒரே சந்தோஷம். டாக்டர் முகத்தில் அது இல்லை. "நீங்க கொடுத்த மாத்திரை கிருமியை அழிக்கலை, பரிசோதனையில மாட்டாம ஒளிச்சு வெச்சிருக்கு" என்றார். எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமலேயே சிகிச்சை தொடர்ந்தது. பாட்டி தேறி வர பத்து நாள் ஆச்சு.

அப்போதுதான் 'மால்டி-டாஃப்' என்ற கருவியைப் பற்றித் தேடிப் படித்தேன்.

வழக்கமான முறையில் கிருமியை வளர்க்கவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அது எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்க இன்னொரு நாள், சிலசமயம் அதற்கு மேலும் ஆகும். ரத்தத்தில் கிருமி கலந்த நோயாளிக்கு அந்த ஒரு நாள்தான் உயிர்.

மால்டி-டாஃப் இந்த நேரத்தைக் குறைக்கிறது. வளர்ந்த கிருமியில் துளி எடுத்து உலோகத் தட்டில் தடவி, ஒரு ரசாயனக் கரைசல் விட்டு, லேசர் ஒளியைப் பாய்ச்சுவார்கள். கிருமியின் புரதங்கள் மின்னேற்றம் பெற்று வெற்றிடக் குழாயில் பறக்கும். ஒரே தள்ளு தள்ளினால் காலி தள்ளுவண்டி வேகமாகவும் மூட்டை ஏற்றிய வண்டி மெதுவாகவும் போகும் இல்லையா? அதேபோல எடை குறைந்த புரதம் முதலில் வந்து சேரும். வந்து சேரும் நேரத்தை வைத்து எடையைக் கணக்கிடுகிறார்கள். ஆதாருக்கு நம் கைரேகை மாதிரி, ஒவ்வொரு கிருமிக்கும் ஓர் எடை வரிசை உண்டு. கம்ப்யூட்டர் அதை ஒப்பிட்டுச் சில நிமிடங்களில் பெயரைச் சொல்லிவிடும். லேசரால் புரதத்தை உடையாமல் பறக்கவிடும் வழியைக் கண்ட ஜப்பான் பொறியாளர் கொய்ச்சி தனாகாவுக்கு 2002-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மருந்துக்கு அடங்காத கிருமியையும் இதில் பிடிக்கலாம். கிருமியோடு மெரோபெனம் போன்ற மருந்தைக் கலந்து சில மணி நேரம் வைப்பார்கள். மருந்தை உடைக்கும் நொதி அந்தக் கிருமியிடம் இருந்தால், உடைந்த மருந்தில் ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்து, எடை 18 டால்டன் கூடும். கருவி அதைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் மருந்தை உடைக்காமல் வேறு வழியில் தப்பிக்கும் கிருமிகளும் உண்டு. அதனால் வழக்கமான பரிசோதனையும் தேவைதான்.

கவனித்தீர்களா? கருவி எவ்வளவு வேகமானாலும், முதலில் கிருமி வளர வேண்டும். நாம் முன்கூட்டியே மாத்திரை போட்டுவிட்டால் அது வளராமல் போகலாம். எங்க வீட்டில் நடந்தது அதுதான்.

2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். நம்மால் முடிந்தது இவ்வளவுதான்:

• அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையை வாங்காதீங்க.

• மீதி மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுக்காதீங்க.

• ஏற்கெனவே ஏதாவது போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்க.

• கல்ச்சர் எடுக்கச் சொன்னால், முதல் டோசுக்கு முன்பே மாதிரி கொடுக்கலாமா என்று கேளுங்க. ஆனால் அவசர நிலையில் மருந்தைத் தள்ளிப்போடச் சொல்லாதீங்க.

• ரிப்போர்ட்டை மொபைலில் போட்டோ எடுத்து வையுங்க. மருந்துப் பெயருக்கு எதிரே 'ஆர்' என்று இருந்தால், அந்த மருந்து அந்தக் கிருமியிடம் எடுபடாது. அடுத்த முறை பார்க்கும் டாக்டருக்கு அது உதவும்.

சந்தேகம் இருந்தால் 104-க்கு அழைத்துக் கேளுங்க. இன்றைக்கே வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பாருங்க. எங்க வீட்டு டப்பாவில் இப்போது மீதி ஆன்டிபயாடிக் ஒன்றுகூட இல்லை.