தத்தெடுக்க நாங்கள் அனாதைகளா?

(கடையநல்லூரில் கல்லூரி மாணவர்கள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

தோழர்களே,

'மாணவர்களும் சமூக சேவையும்'னு தலைப்பு குடுத்திருக்கீங்க. நான் மேடைப் பேச்சாளன் இல்லை. பகலில் வங்கியில் கிளார்க். ராத்திரியில் கொஞ்சம் கவிதை. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுதேன். தப்புன்னா எழுந்து கேளுங்க.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கியது. காந்தி நூற்றாண்டு வருடம். முதலில் 37 பல்கலைக்கழகங்கள், 40,000 மாணவர்கள். இரண்டு வருடத்தில் 240 மணி நேரப் பணி, அதோடு ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம். உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து வேலை செய்யணும்னு ஏற்பாடு. அப்படித் தேர்ந்தெடுக்கிற ஊருக்குத் 'தத்து கிராமம்'னு பேரு.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைத்தான் தத்து எடுப்பாங்க. எடுக்கிறவன் பெரியவன், எடுக்கப்படுறவன் சின்னவன். எடுக்கிறவன் முடிவு பண்ணுவான், பிள்ளை கைகட்டி நிக்கணும். எங்க காலனிக்குத் தாய் தகப்பன் இருக்காங்க. எங்களுக்கு என்ன வேணும்னு எங்களுக்குத் தெரியும். எங்களைக் கேக்காம எங்களைத் தத்தெடுத்தது யாரு?

என் கதையைச் சொல்லுதேன். நான் கல்லூரியில் படிக்கும்போது முகாம் போட்ட கிராமம் என் சொந்த ஊர். தங்கினதும் சமையலும் ஊர்ப் பக்கம். வேலை மட்டும் எங்க காலனியில். காலையில் வாரியலும் மம்பட்டியும் குடுத்து வரிசையா நிப்பாட்டுவாங்க. ஏழு நாளும் எங்க தெருவைப் பெருக்கினோம், வாறுகால் வெட்டினோம். எங்க அம்மா தினமும் பெருக்குற தெரு அது. அவ பெருக்கினா வேலை. அதையே நாங்க பெருக்கினா சேவை.

மூணாம் நாள் வெயிலில் அம்மா ஒரு சொம்பில் தண்ணி கொண்டுவந்தா. 'கேன் தண்ணி இருக்கு'ன்னு சொல்லிட்டாங்க. ஒருத்தன் மட்டும் வாங்கிக் குடிச்சான். அவன் எந்தச் சாதின்னு சொல்ல மாட்டேன். குடிச்சான், அவ்வளவுதான். நானோ அது என் அம்மான்னு மத்தவங்ககிட்டச் சொல்லலை. இன்னிக்குவரைக்கும் அது என்னை அறுத்துக்கிட்டுதான் இருக்கு.

அன்னிக்குச் சாயங்காலம் சுகாதாரம் பற்றிச் சொற்பொழிவு. எங்க சனங்களைத் தரையில் உட்காரவச்சுக் கை கழுவுறது எப்படின்னு சொல்லிக்குடுத்தாங்க. வீட்டுக்குப் போனதும் அம்மா சொன்னா: "சுத்தத்தப் பத்தி நமக்குப் பாடம் எடுக்க வந்திருக்காவ. ஊருக்குள்ள போயி அவிய டீக்கடையச் சுத்தம் பண்ணச் சொல்லுல."

இதுதான் நான் படிச்ச முதல் சமூகவியல்.

அந்த வாறுகால் ஏன் தேங்கி நிக்குது? ஊர்த் தெருக் கழிவெல்லாம் சரிவில் இறங்கி எங்க காலனியில் வந்து முடியுது. அதுக்கு மேல போக வழி இல்லை. ஏழு நாள் வெட்டினது அடுத்த மழையில் மூடிப்போச்சு. முகாம் அறிக்கையில் மாணவர் எண்ணிக்கை இருந்தது, மணிக்கணக்கு இருந்தது, புகைப்படம் இருந்தது. கழிவு எங்கிருந்து வருதுங்கிற கேள்வி மட்டும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டால் முகாமுக்கு அரிசியும் பருப்பும் குடுத்த ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள்.

இது புதுச் சண்டையும் இல்லை. புனா ஒப்பந்தத்துக்குப் பிறகு 1932இல் தீண்டாமை ஒழிப்புச் சங்கம் தொடங்கினார்கள். பின்னால் ஹரிஜன சேவா சங்கம் ஆனது அதுதான். அந்த வருடம் நவம்பர் 14 அன்று, லண்டன் போகும் வழியில், அதன் செயலாளர் தக்கருக்கு அம்பேத்கர் ஒரு கடிதம் எழுதினார். ஒடுக்கப்பட்டவன் தாழ்ந்து கிடப்பதற்கு அவனுடைய பழக்கவழக்கமே காரணம் என்று நினைத்தால் மதுவிலக்கு, உடற்பயிற்சி, நூலகம் என்று போவீர்கள். அவனைச் சுற்றியிருக்கிற சமூகமே காரணம் என்று புரிந்துகொண்டால் கிணற்றுக்கும் பள்ளிக்கும் சாவடிக்கும் அவனுக்குள்ள உரிமைக்காக நிற்பீர்கள். இரண்டாவது வழியே வழி என்பது அவர் வாதம். வேலை செய்பவர்களையும் ஒடுக்கப்பட்டவர்களிடமிருந்தே எடுங்கள் என்றார். வாரியலா, கிணறா? அன்றைக்கே கேட்டாகிவிட்டது.

'உள்ளூர் அமைப்பு'ங்கிற சொல்லுக்கு வருவோம். உள்ளூர்னா எந்த ஊர்? நம்ம தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், 2022 செப்டம்பரில் நடந்ததை நீங்க செல்போனில் பார்த்திருப்பீங்க. மிட்டாய் வாங்க வந்த தலித் பிள்ளைகள்கிட்ட, ஊர்க் கட்டுப்பாடு இருக்கு, உங்களுக்குக் குடுக்க முடியாதுன்னு கடைக்காரர் சொல்றார். வழக்குப் போட்டாங்க, கைது நடந்தது, கடைக்கு சீல் வச்சாங்க. நான் கேக்குறது வேற. இப்படி ஒரு கட்டுப்பாடு இருக்கிற ஊருக்கு ஒரு கல்லூரி முகாம் போடப் போனால், வாசலில் வந்து வரவேற்கிற உள்ளூர் அமைப்பு எதுவா இருக்கும்? கட்டுப்பாடு போட்டவர்களே மாலையோடு நிற்பார்கள். அவர்களோடு கைகோத்துக்கொண்டு சேரிக்குள் வருவது சேவை அல்ல, மேற்பார்வை.

வேறு மாதிரியும் நடந்திருக்கு. 1964 கோடையில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் மாணவர்கள் போனார்கள். பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள். அவர்களை வழிநடத்தியவை கறுப்பின இயக்கங்கள். முதலில் ஒஹையோவில் பயிற்சி. பிறகு கறுப்பின மக்களின் வீடுகளிலேயே தங்கினார்கள், அவர்கள் போட்டதைச் சாப்பிட்டார்கள். செய்த வேலை வாக்காளர் பதிவு, சுதந்திரப் பள்ளிகள். தெருப் பெருக்கப் போகவில்லை. அதனால்தான் அடி விழுந்தது. அந்த ஜூன் 21 அன்று மூன்று பேரைக் கொன்றார்கள். ஒருவர் மிசிசிப்பிக் கறுப்பின இளைஞர், இருவர் நியூயார்க்கிலிருந்து வந்த வெள்ளையர். அதிகாரத்தைத் தொடுகிற வேலைக்குத்தான் எதிர்ப்பு வரும். வாரியல் பிடிச்சவனை யாரும் அடிக்கலை, மாலைதான் போட்டாங்க.

சரி, என்னதான் செய்யச் சொல்லுதேன்னு கேப்பீங்க.

முதலில் யாரோடு சேர்வது என்பது. காலனிப் பெண்களின் சுயஉதவிக்குழு இருக்கு, துப்புரவுத் தொழிலாளர் சங்கம் இருக்கு, அம்பேத்கர் பேரில் இரவுப் பாடசாலை நடத்துற இளைஞர்கள் இருக்காங்க. அவங்ககிட்டப் போய் 'எங்களுக்கு என்ன வேலை தர்றீங்க'ன்னு கேளுங்க. வேண்டாம்னா திரும்பி வந்துருங்க. அங்கேயே தங்குங்க, அங்கேயே சாப்பிடுங்க.

அடுத்து என்ன வேலை என்பது. என் கவுண்டரிலிருந்தே ஒரு உதாரணம். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிற நம்ம பிள்ளைகளுக்கான கல்வி உதவித்தொகை 1944இலிருந்து இருக்கு. இன்னிக்கு அது ஆதார் இணைந்த வங்கிக் கணக்குக்கு நேரா வருது. ஒரு பிள்ளைக்கு மூணு கணக்கு இருக்கும். ஆதார் கடைசியா எதில் இணைஞ்சதோ அதில் பணம் விழும். பிள்ளை வேற பாஸ்புக்கைத் தூக்கிட்டு அலையும். உதவித்தொகைக்காகத் தொடங்கின பூஜ்ய இருப்புக் கணக்கை, ரெண்டு வருசம் வரவுசெலவு இல்லைங்கிறதுக்காகச் செயல்படாத கணக்குன்னு ஒதுக்கக்கூடாது. 2024 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி விதி இது. இதை எத்தனை தாய்மாருக்கு யார் சொன்னது? 'நாளைக்கு வாம்மா'ன்னு நானே சொல்லி அனுப்பியிருக்கேன், கூட்டத்தைச் சாக்காச் சொல்லி. ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்தவகிட்ட. ஒரு மாணவன் கூட உட்கார்ந்து விண்ணப்பத்தைப் பார்த்து, வரிசையில் நின்னு, என்னை மாதிரி ஆளைக் கேள்வி கேட்டால் அது வேலை.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன்படி, கலெக்டர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு மூணு மாசத்துக்கு ஒரு முறையாவது கூடணும். கூடுச்சா, என்ன பேசினாங்கன்னு தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்க. அதைக் காலனியில் உரக்கப் படிங்க.

கடைசியா, சாதி இந்து வீட்டிலிருந்து வந்திருக்கிற தோழர்களுக்கு. உங்க முகாம் எங்க காலனியில் இல்லை, உங்க தெருவில். உங்க ஊர் டீக்கடை, கோயில், சுடுகாட்டுப் பாதை, உங்க வீட்டுச் சமையல்கட்டு. நோய் அங்கே இருக்கும்போது மருந்தை இங்கே கொண்டுவராதீங்க. அந்த வேலைக்குச் சான்றிதழ் கிடைக்காது, வீட்டில் சோறும் கிடைக்காமப் போகலாம்.

நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் சமூக நீதி மாணவர் படை ஒன்றைப் பரிந்துரைத்தது. நல்லது. ஆனால் எந்தப் படைக்கும் நான் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: யார் சொல்லிப் போறீங்க, யார் தெருவுக்குப் போறீங்க?

அடுத்த முகாமுக்குப் பேர் குடுக்கும்போது இதைக் கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க. யாராவது சொம்பில் தண்ணி கொண்டுவந்தா வாங்கிக் குடிங்க. அது உங்க அம்மாவா இருந்தா, எங்க அம்மான்னு சொல்லுங்க.

ஜெய்பீம்.