தூரத்து வாசலின் வேகம்



முன்பெல்லாம் தோட்டத்தில் மாதச் சம்பளத்தைக் கையில் எண்ணிக் கொடுத்தார்கள். இன்று அது வங்கிக் கணக்கில் போய்ச் சேருகிறது. நம் பணம் என்பது எங்கோ ஒரு கட்டடத்தில், ஒரு வட்டில் பதிந்திருக்கும் எண்தான். அந்தக் கட்டடத்தில் தீப்பிடித்தால், வெள்ளம் புகுந்தால் நம் கணக்கு என்ன ஆவது? இதற்காகத்தான் வங்கிகள் தம் கணக்கை இரண்டு இடங்களில் வைக்கின்றன. ஒன்று கோலாலம்பூரில் என்றால் மற்றொன்று சைபர்ஜெயாவில் இருக்கலாம். 1997ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த நகரமும் ஒரு காலத்தில் தோட்ட நிலம்தான்.

இரண்டு இடத்துச் சேமிப்புப் பெட்டிகளையும் இணைப்பது ஸ்விட்ச் என்னும் கருவி. அதில் வரிசையாக வாசல்கள் இருக்கும். அவற்றைப் போர்ட் என்பார்கள். போர்ட்டிலிருந்து தலைமுடி போன்ற கண்ணாடி இழை ஒன்று புறப்பட்டு அடுத்த ஊர்வரை போகிறது. இழைக்குள் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க 5 மைக்ரோ நொடி ஆகும். போர்ட்டின் வேகத்தைக் கூட்டினால் ஒளியும் விரைந்து ஓடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒளியின் ஓட்டம் மாறாது. போர்ட் எத்தனை விரைவாகச் சரக்கை ஏற்றுகிறது என்பதுதான் மாறும்.

தகவல், சுமார் 2,000 பைட் கொண்ட கட்டுகளாகப் போகிறது. 1 கிகாபிட் வேகத்தில் ஏற்றினால் ஒரு கட்டு இழைக்குள் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும்! 8 கிகாபிட்டில் அதே கட்டு அரைக் கிலோமீட்டர்தான். ஆகவே வேகம் கூடினால், வழியை நிரப்ப அதிகக் கட்டுகள் வேண்டும்.

இங்கேதான் சிக்கல் வருகிறது. நம் பால் ஸ்டோரை நினைத்துக்கொள்ளுங்கள். தூரத்து டிவிஷனிலிருந்து பால் டின்கள் வருகின்றன. ஸ்டோரில் எத்தனை டின்னுக்கு இடம் உண்டோ, அத்தனை சீட்டுகளை முன்கூட்டியே டிவிஷனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு டின் புறப்பட்டால் ஒரு சீட்டு செலவு. ஸ்டோரில் டின் காலியானதும் அந்தச் சீட்டு திரும்பி வரும். கையில் சீட்டு இல்லையென்றால், பால் நிறைந்திருந்தாலும் காத்து நிற்க வேண்டியதுதான். ஸ்டோர் பக்கத்தில் இருந்தால் தொல்லையில்லை. பல மைல் தள்ளி இருந்தால், சீட்டு வந்து சேருவதற்குள் வேலை நின்றுவிடும். ஸ்விட்சில் இந்தச் சீட்டுக்குப் பஃபர் கிரெடிட் என்று பெயர்.

எத்தனை சீட்டு வேண்டும்? கிலோமீட்டர் தூரத்தைக் கிகாபிட் வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் உத்தேசக் கணக்கு கிடைக்கும். இழையின் வழி 50 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 4 கிகாபிட்டுக்கு 100 சீட்டு, 8க்கு 200, 16க்கு 400. இது முழுக் கட்டுகளுக்கான கணக்கு. கட்டுகள் சிறியவையானால் இன்னும் கூடுதலாக வேண்டும். தூரத்தையும் இழை வளைந்து போகும் வழியைக் கொண்டே அளக்க வேண்டும்.

அந்தப் போர்ட்டுக்கு 25 சீட்டுதான் கிடைத்தது என்றால்? 8 கிகாபிட் போர்ட்டில் 1 கிகாபிட் அளவுதான் ஓடும். அதை 16 ஆக உயர்த்தினாலும் ஒரு பிட் கூடக் கூடாது. விலை உயர்ந்த கருவியை வாங்கி வைத்துவிட்டு, ஏன் ஓடவில்லை என்று கையைப் பிசைபவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்கள்.

சீட்டுகள் எல்லாம் ஸ்விட்சுக்குள் ஒரு பொதுக் குவியலிலிருந்து வருகின்றன. பல போர்ட்டுகள் அதைப் பங்கிட்டுக்கொள்ளும். சாதாரணமாக ஒரு போர்ட், எதிர்ப்போர்ட்டோடு தானாகவே பேசி வேகத்தை முடிவு செய்யும். ஒரே கட்டடத்துக்குள் அது நல்ல வசதி. நெடுந்தூர இணைப்பில் அப்படியே விட்டால், புரோகேட் ஸ்விட்சுகளில் போர்ட்டின் உச்ச வேகத்துக்கு வேண்டிய சீட்டு முழுவதும் ஒதுக்கப்பட்டுவிடும். இணைப்பு 4 கிகாபிட்டில் ஓட, 16க்கு உரிய 400 சீட்டைப் பிடித்து வைத்திருந்தால் 300 வீண்தானே! பக்கத்துப் போர்ட்டுகள் பட்டினி கிடக்கும். ஆகவே நெடுந்தூரப் போர்ட்டுக்கு வேகத்தை எண்ணாகவே குறித்துவிட வேண்டும்.

இரண்டு முனையிலும் அதே எண் இருக்க வேண்டும். நடுவில், பல நிற ஒளிகளை ஓர் இழையில் சேர்த்து அனுப்பும் கருவி இருந்தால் இது இன்னும் முக்கியம். அந்தக் கருவி ஒரு வேகத்துக்கென்று அமைக்கப்பட்டிருக்கும். போர்ட்டுகளின் பேரத்தில் அது கலந்துகொள்ளாமல் போகலாம். அப்போது இணைப்பே எழாது, அல்லது எழுந்து எழுந்து விழும்.

தொழிற்கல்லூரியில் இத்துறையைப் படிக்கும் உங்கள் மகனோ மகளோ ஒன்றைக் கவனிக்கட்டும். வேகத்தை மாற்றும்போது போர்ட் சிறிது நேரம் அறுந்துபோகும். அதனால் வங்கிக் கணக்குகள் குறைவாக ஓடும் நேரத்தை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, இரு முனையிலும் ஆள் இருக்கும்போது செய்வதே நல்லது. பிறகு அனுப்பக் கட்டு இருந்தும் சீட்டில்லாமல் போர்ட் காத்து நின்றதை எண்ணிக் காட்டும் கணக்கை ஸ்விட்சில் பார்க்கலாம். அந்த எண் விறுவிறுவென்று ஏறினால், சீட்டு இன்னும் போதவில்லை, அல்லது அந்த முனையில் சரக்கை இறக்குவது தாமதமாகிறது என்று பொருள்.