இராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



நான் சிறுவனாயிருந்தபோது ஓர் ஆசிரியர், “உங்களுக்கெல்லாம் கணக்கு எதற்கு?” என்றார். அன்று மாலை களத்தில் என் தந்தையார் நெல் அளந்துகொண்டிருந்தார். கையெழுத்திடத் தெரியாதவர், ஆயினும் கலத்திற்கு 12 மரக்கால் என்பதால் இருவர், மூவர், நால்வர், அறுவர் எவருக்கும் மிச்சமின்றிப் பங்கிடலாம் என்பதை நன்கறிவார்.

12-க்குக் காரணிகள் ஆறு. அதற்கு முந்திய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. இத்தகைய எண்களை ஆராய்ந்து 1915-இல் இலண்டன் கணிதக் கழக ஏட்டில் கட்டுரை வெளியிட்டவர் நம் கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன். கல்லூரித் தேர்வில் தோற்ற அவருக்கு, இவ்வாராய்ச்சிக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டம் அளித்தது.

அவர் தந்த நீண்ட பட்டியல் 6746328388800 என்னும் எண்ணில் முடிகிறது. ஆனால் இடையில் ஓர் எண் விடுபட்டுவிட்டது. அது 293318625600, அதாவது 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600. இதனை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணே வரும்!

இதன் காரணிகள் எத்தனை? 12 என்பது இரண்டு 2-களும் ஒரு 3-உம் பெருகியது. ஒவ்வோர் எண்ணிக்கையோடும் ஒன்று கூட்டிப் பெருக்குக: 3 × 2 = 6. அவ்வாறே இப்பெரிய எண்ணில் 2 ஆறு முறையும், 3 நான்கு முறையும், 5-உம் 7-உம் இருமுறையும், 11, 13, 17, 19 ஒவ்வொரு முறையும் வருகின்றன. ஆகவே 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. இதனைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை.

இளைஞர்களே! வறுமை இராமானுஜனுக்கும் இருந்தது. ஆனால் பள்ளிக் கதவு திறந்திருந்தது. நம் முன்னோர்க்கு அதுவும் சாத்தப்பட்டிருந்தது. இன்று கதவு திறந்திருக்கிறது. “நமக்குக் கணக்கு வராது” என்று நாமே அதைச் சாத்திக்கொள்ளலாகாது. மேதையின் கணக்கையும் பிற்காலத்தார் சரிபார்த்தே, விட்டதைக் கண்டனர். எண்ணுக்குக் குலமில்லை. பொறுமையாகச் சரிபார்ப்பவன் எவனோ, அவனுக்கே அது வசப்படும். இன்றிரவே தாளும் எழுதுகோலும் எடுத்து இப்பெருக்கலைச் செய்து பாருங்கள். நான் சொன்னதற்காக நம்பவேண்டா.