மொறிஸ் மைனரும் அதன் பிறேக்கும்

1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனர் கார் இலங்கைத் தெருக்களில் இன்றும் ஓடுகின்றது. அதனைப் பேணுவோர் பலர் சிறு பழுதுகளைத் தம் வீட்டு முற்றத்திலேயே பார்த்துக்கொள்கின்றனர். ஆயினும், பிறேக்கைத் தொடுமுன் ஒன்றை அறிதல் வேண்டும். இக்காலக் கார்களில் பிறேக்கு எண்ணெய் இரு தனி வழிகளிற் செல்லும். ஒன்று கெட்டாலும் மற்றது காக்கும். மைனருக்கோ ஒரே வழி. ஓரிடத்திற் கசிந்தால் நான்கு சில்லுகளும் ஒருங்கே கைவிடும். எஞ்சுவது கைப்பிறேக்கு மட்டுமே.

காலின் வலுவைச் சில்லுக்குக் கொண்டு செல்வது அந்த எண்ணெயே. திரவம் அமுக்கத்தாற் சுருங்காது; காற்றோ சுருங்கும். மேலும், பிறேக்கு எண்ணெய் வளியிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும். டொட் 4 வகைப் புது எண்ணெய் 230 பாகை செல்சியசுக்குக் குறைந்து கொதிப்பதில்லை. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 பாகைவரை இறங்கலாம். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாக இறங்குபவர் ஓயாது பிறேக்கை மிதித்தால், பழைய எண்ணெய் ஆவியாகி மிதி அடிவரை தாழ்ந்துவிடும். ஆதலால், இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை எண்ணெயை மாற்றுதல் நன்று.

குறையை முதலிற் பிரித்தறிக. மிதி ஆழச் சென்று, பலமுறை மிதித்தபின் உயர்ந்தால், இடைவெளி கூடிவிட்டது. பஞ்சுபோல் அமிழ்ந்தால் உள்ளே காற்று உண்டு. அழுத்திப் பிடிக்கையில் மெல்லத் தாழ்ந்தால், கசிவோ றப்பர்த் தேய்வோ உண்டு, அவ்வண்டியை ஓட்டலாகாது.

வேலைக்குச் சமதரை வேண்டும். தரையிலிருக்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜாக்கியால் உயர்த்தியபின் இரும்புத் தாங்கியில் வண்டியை இருத்துக. செங்கல்லை நம்பலாகாது; அது சடுதியாக நொறுங்கும். பழைய பிறேக்குத் தூசியில் கல்நார் இருக்கக்கூடும். ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும்.

இடைவெளியைச் சரிசெய்ய, முன்சில்லு ஒவ்வொன்றிலும் இரு திருகாணிகளும் பின்சில்லில் ஒன்றும் உள்ளன. ஒவ்வொன்றையும் சில்லு இறுகும்வரை திருகி, பின் ஒரு படி தளர்த்திச் சில்லு தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்தல் வேண்டும். பின்சில்லைத் திருகுமுன் கைப்பிறேக்கை விடுவித்தல் அவசியம்.

காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும். முதன்மை உருளைக்கு மிகத் தொலைவிலுள்ள சில்லில் தொடங்குக. காற்றுத் திருகாணியில் தெளிந்த குழாயைப் பொருத்தி, மறுமுனையைப் போத்தலிலுள்ள எண்ணெயில் அமிழ்த்துக. ஒருவர் “திறந்தாயிற்று” என்றபின் மற்றவர் மிதிக்க வேண்டும். திருகாணி மூடப்படும்வரை காலை எடுக்கலாகாது. குமிழிகள் நிற்கும்வரை இது தொடரும். இடையிடையே ஓட்டுநரின் காலடியிலுள்ள மூடியைத் திறந்து எண்ணெய் நிரப்புதல் வேண்டும். அது வற்றினால் மீண்டும் காற்றுப் புகும். வெளிவந்த எண்ணெயை மறுபடி ஊற்றலாகாது. எஞ்சின் எண்ணெய் ஒரு துளி கலந்தாலும் றப்பர்கள் கெடும்.

இறுதியில், மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து இணைப்புகளைப் பார்வையிடுக. பின்னர் முற்றத்திலேயே நடைவேகத்தில் ஓட்டி நிறுத்திப் பார்த்தல் வேண்டும். அப்போதும் மிதி கெட்டியாகாவிடின், வண்டியைத் தெருவுக்கு எடுக்காது பழுதுபார்ப்போரை வீட்டுக்கு அழைப்பதே அறிவுடைமை. தெருவிற் செல்லும் பிள்ளைகளின் உயிரும் அந்த மிதியிலேயே தங்கியுள்ளது.