வைகையில் வெள்ளம் வந்த வழி



ஆவணி மூலத் திருநாளாகிய இன்று, ஆலவாய் அண்ணல் அங்கயற்கண்ணி அம்மையுடன் ஆரப்பாளையத்துப் புட்டுத்தோப்பில் எழுந்தருளியிருக்கின்றார். திருவாதவூரிலிருந்து மணிவாசகப் பெருமானும் வந்திருக்கின்றார். வந்தியின் அன்பையும், மண் சுமந்த கூலியாள்மேல் விழுந்த பிரம்படியையும் நமக்கு முன் பேசிய பெரியோர் உள்ளம் உருக எடுத்துரைத்தனர். அவற்றை மீண்டும் சொல்லி உங்கள் பொழுதைக் கவர நாம் விரும்பவில்லை. அக்கதையில் யாரும் நின்று நோக்காத ஒன்று உண்டு. அது வைகையில் வந்த வெள்ளம். அதுபற்றியே பேச எண்ணினோம்.

வெள்ளம் இறைவன் திருவுளத்தால் வந்தது என்பது புராணம். அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அத்திருவுளம் எந்தக் கருவியைக் கொண்டு மழையைப் பெய்விக்கிறது என்று ஆராய்வது பக்திக்கு இழுக்காகாது.

இவ்வாராய்ச்சிக்கு நம்மைத் தூண்டியவர் ஒரு முதியவர். சென்ற ஆண்டு இப்பந்தலிலேயே நம்மை அணுகி, "ஐயா, ஆடியிலும் ஆவணியிலும் மேற்கே மலையில் மழை கொட்டுகிறது என்கிறார்கள். நமக்கு வருவதோ வெறுங்காற்றும் புழுதியும். மதுரை என்ன பாவம் செய்தது?" என்று கேட்டார். அவர் வேடிக்கையாகக் கேட்கவில்லை. வானம் பார்த்த நிலத்தில் விதைத்துவிட்டு வந்தவர் அவர். கண்ணில் நீர் இருந்தது. அன்று நாம் ஏதோ ஆறுதல் கூறி அனுப்பிவிட்டோம். அஃது அவர் வினாவுக்கு விடையன்று என்பது வீடு திரும்பிய பின்னரே உறைத்தது.

விடையை வந்தியின் அடுக்களையிலிருந்தே தொடங்கலாம். பிட்டு அவிக்கும் பானையில் நீர் கொதிக்கிறது. ஆவி மேலே எழுகிறது. மூடியைத் தொட்டவுடன் குளிர்ந்து துளித்துளியாகத் தொங்குகிறது. தாய்மார்கள் நாள்தோறும் காணும் காட்சி இது. மழை என்பது இதுவே. அடுப்பு, கதிரவன், பானை, கடல். மூடி மட்டும் உலோகமன்று, மேலே உள்ள குளிர். தரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உயரம் சென்றால் வெப்பம் சராசரியாக ஆறு பாகை குறைந்துவிடும். அங்கே காற்று குளிர்கிறது. ஆவி நுண்ணிய தூசியைப் பற்றிக்கொண்டு துளியாகிறது. துளிகள் திரண்டு கனத்தால் மழை. மணிவாசகர் திருவெம்பாவையில் கடல்நீரைக் குறைத்துக்கொண்டு எழும் முகிலையே அம்மையாகக் கண்டார். உப்பைக் கடலிலேயே விட்டு நன்னீரை மட்டும் கொண்டெழுவது அம்முகிலின் அருமை.

இனிக் காற்று. நண்பகலில் வைகை மணலில் வெறுங்காலோடு நடந்தவர்க்குத் தெரியும், மணல் சுடும். பக்கத்தில் தேங்கிய நீரோ அவ்வளவு சுடாது. நிலம் விரைவில் காயும், நீர் மெல்லக் காயும். காய்ந்த நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகி எழ, அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று ஓடிவருகிறது. இப்பூமி இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்து சுற்றுவதால் வைகாசி, ஆனி மாதங்களில் கதிரவன் வடக்கே நிற்கின்றான். பாரத நிலம் கொதிக்கிறது. தென்கடலிலிருந்து புறப்பட்ட காற்று நடுக்கோட்டைத் தாண்டியதும் பூமியின் சுழற்சியால் வலப்புறம் வளைந்து தென்மேற்குக் காற்றாகிறது. ஜூன் முதல் நாளையொட்டிக் கேரளக் கரையை அடைவது அதன் வழக்கம்.

அங்கே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். காற்று மேலேறியாக வேண்டும், ஏறினால் குளிரும், குளிர்ந்தால் பொழியும். மலையின் மேற்குச் சரிவிலேயே தன் சுமையைப் பெரும்பாலும் இறக்கிவிட்டு இப்புறம் இறங்கும்போது அதே காற்று சூடேறி உலர்ந்துவிடுகிறது. முதியவர் கண்ட புழுதிக்காற்று இதுதான். மதுரை பாவம் ஏதும் செய்யவில்லை ஐயா; மலையின் மறைவில் இருக்கிறது, அவ்வளவே. உக்கிரபாண்டியர் பொதிகையில் மேய்ந்த மேகங்களைச் சிறையிட்டார் என்று திருவிளையாடல் கூறும். அதைப் படிக்கும்போதெல்லாம் இம்மலைச்சிறையே நம் நினைவுக்கு வருகிறது.

அங்ஙனமாயின் வைகையில் வெள்ளம் எவ்வாறு வரும்? வைகை பிறப்பது வருசநாட்டு மலைகளில். அங்கே கனமழை பெய்தால், மதுரையில் ஒரு துளி விழாமலேயே ஆறு கரைபுரளக்கூடும். அன்றியும் ஆவணி, புரட்டாசியில் பகலெல்லாம் காய்ந்த நிலத்தின் ஈரக்காற்று மேலெழுந்து, கிழக்கே கடலிலிருந்து வரும் காற்றோடு கூடி, மாலையில் இடியுடன் கொட்டுவதும் உண்டு.

நமக்குரிய பெருமழை பின்னர் வருவது. கதிரவன் தெற்கே சென்றதும் வடநிலம் குளிர, காற்று திசை மாறி, வங்கக்கடலில் ஈரம் உண்டு வடகிழக்கிலிருந்து வருகிறது. நம் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலேயே கிடைப்பது. புயலும் காற்றழுத்தத் தாழ்வும் இக்காலத்து விருந்தினர். ஓராண்டு மிகுதியாகவும் ஓராண்டு வாராமலும் ஏமாற்றுவர்.

மலை மறித்த மழையை மலையைக் குடைந்தே வாங்கினர் ஒரு தலைமுறையினர். பென்னிகுயிக் கட்டிய பெரியாற்று அணையின் நீர் 1895 முதல் சுரங்கவழியே கிழக்கே திரும்பி வைகையில் சேர்கிறது. வைகை அணை 1959இல் திறக்கப்பட்டது. மதுரைச் சீமையின் நெல்லில் மேற்கு மலைமழைக்கும் பங்குண்டு என்பதை உண்ணும்போது நினைக்கிறோமோ, இல்லையோ!

பாண்டியன் ஆற்றங்கரையை ஊரார்க்குப் பங்கிட்டு அளந்து கொடுத்தான். வந்தியைப் போன்ற மூதாட்டிக்கும் ஒரு பங்கு இருந்தது. நாமோ கண்மாய்களைப் பங்கிட்டு மனை போட்டுக்கொண்டோம். 2024 அக்டோபர் 25ஆம் நாள் பிற்பகலில் மழை கொட்டியபோது அக்கரைச் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. தன் பழைய இடத்தைத் தேடி வந்த நீரைக் குற்றம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

அந்த முதியவர் இன்றும் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். சற்றுமுன் மேடை ஏறுகையில் இவற்றைச் சுருக்கமாக அவரிடம் கூறினோம். "அப்படியானால் ஐப்பசியில் கிழக்கைப் பார்த்திருக்க வேண்டும் என்கிறீர்கள்" என்றார். ஆம், கிழக்கைத்தான். ஆனால் இந்நேரம் மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது. சுவாமி புறப்பாட்டிற்குமுன் பிட்டுப் பிரசாதம் வழங்க வேண்டியிருப்பதால் இவ்வளவோடு அமைகிறோம்.