அத்தாப்புக் கூரையும் இராஜகோபுரமும்



நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து பள்ளி விடுமுறையில் கோலாலம்பூர் செல்லும் குடும்பங்கள், துன் எச்.எஸ். லீ சாலையிலுள்ள ஸ்ரீ மகா மாரியம்மனை வணங்கிவிட்டுத் திரும்புவது வழக்கம். அடுத்த முறை போகும்போது, அந்தக் கோயிலின் வரலாற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

வாசலில் ஐந்து நிலைக் கோபுரம், ஏறத்தாழ 75 அடி உயரம். கோயில் என்பது படுத்திருக்கும் மனித உடல் போன்றது என்பார்கள். கிழக்கே இருக்கும் கோபுரம் பாதம். மேற்கே இருக்கும் கருவறை தலை. பாதத்தைத் தொழுதுவிட்டுத்தான் நாம் உள்ளே நுழைகிறோம்.

இவ்வளவு பெரிய கோயில் தொடக்கத்தில் எப்படி இருந்தது தெரியுமா? 1873ஆம் ஆண்டில் தம்புசாமிப் பிள்ளை இதை நிறுவினார். அப்போது இது வெறும் அத்தாப்புக் கொட்டகை. 1885இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. 1887இல் செங்கல் கட்டடம் எழுந்தது. 1920களின் பிற்பகுதி வரை அது அவர்களுடைய குடும்பக் கோயிலாகவே இருந்தது. அதன் பிறகே பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

நம் தோட்டத்து அம்மன் கோயிலும் அப்படிப் பிறந்ததுதானே? மாரி என்றால் மழை. மழைக்கும் நோய்க்கும் அஞ்சிய நம் முன்னோர், மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, சூலத்தை ஊன்றி, தாயே காப்பாற்று என்று கும்பிட்டார்கள். பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவித்துவிட்டார்கள். ஆனாலும் ஆடி மாதம் வந்தால் இன்றும் கூழ் ஊற்றுகிறோம்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பல தோட்டக் கோயில்கள் நிருவாகத்தின் வாய்ச்சொல்லை நம்பி எழுந்தவை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் கைமாறி வீடமைப்புத் திட்டம் வந்தது. அப்போது நிலப் பட்டாவில் கோயிலின் பெயரைத் தேடினால் கிடைப்பதில்லை. நகரத்துக் கோயில்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. மஸ்ஜித் இந்தியா சாலையை ஒட்டிய தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் நூறாண்டைக் கடந்தது. அது நின்ற நிலம் 2014இல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2025இல் பக்கத்திலேயே வேறிடத்துக்கு மாறக் கோயில் தரப்பினர் இணங்கினார்கள்.

ஆகவே, பெரியோர்களே, தாய்மார்களே, திருவிழாவுக்குப் பணம் சேர்க்கும்போது இதையும் செய்யுங்கள். கோயில் குழுவை முறைப்படி பதிவு செய்யுங்கள். கோயில் நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று மாவட்ட நில அலுவலகத்தில் கேட்டறியுங்கள். பழைய புகைப்படம், கும்பாபிஷேகப் பத்திரிகை, நிருவாகம் எழுதிய கடிதம் எதையும் எறிந்துவிடாதீர்கள். முதல் கல்லை நட்டவர் யார் என்று வயதான பாட்டியிடம் கேட்டு, ஆண்டோடு எழுதி வையுங்கள்.

கோபுரம் கட்டப் பணம் பிறகு சேரும். கோயில் நிற்க மண் வேண்டும். அந்த மண்ணுக்குக் காகிதம் வேண்டும். தோட்டம் விலைபோன பிறகு தேடுவதைவிட, இன்றே தேடுவது நல்லது.