எங்கள் சாயக்கட்டு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எங்க குழு போட்ட கட்டைப் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மேடைப் பேச்சு பழக்கம் கிடையாது. செஞ்ச வேலையை வரிசையாச் சொல்றேன்.

எங்க ஊர் கொள்ளிடக் கரைப் பக்கம். இந்தப் பக்கத்துலதான் கருப்பூர் கலம்காரி எழுதுறாங்க. கலம்னா எழுதுகோல். மூங்கில் குச்சியோட முனையைச் சீவி, மேலே துணியைச் சுத்தி நூலால கட்டியிருப்பாங்க. அந்தச் சுத்துல சாயம் தங்கும். விரலால அழுத்தினா முனைக்கு இறங்கும். கோயில் தேர்ல தொங்குற தொம்பை, சாமிக்கு மேலே கட்டுற விதானம், வாசலுக்குத் தோரணம் எல்லாம் இப்படிக் கையால எழுதினதுதான். ஆந்திராவுல மசூலிப்பட்டினம் பக்கம் மரக்கட்டையில செதுக்கி அச்சு வைப்பாங்க. நம்ம பக்கம் கைக்கோடு.

இந்தச் சோழமண்டலக் கரைத் துணி ஒரு காலத்துல கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போச்சு. துவைச்சாலும் சாயம் போகாதுங்கிறதால அங்கே அவ்வளவு கிராக்கி. அவங்க நாட்டு நெசவுக்காரங்க பிழைப்பு கெடுதுன்னு பிரான்சுல 1686-லயும், இங்கிலாந்துல 1700-லயும் 1721-லயும் இந்த மாதிரித் துணிக்குத் தடைச் சட்டமே போட்டாங்க. அப்படிப்பட்ட தொழில் நம்ம பக்கத்துல இருந்தும், நம்ம பிள்ளைகளுக்கு அது என்னன்னு தெரியலை. என் மகளே தொம்பையைக் காட்டி, "இது பிரிண்டாம்மா?"ன்னு கேட்டாள்.

அதுல வந்த யோசனைதான் அட்டைக்கட்டு. விளையாட்டுல சொன்னா பிள்ளைங்க பிடிச்சுக்கும்னு குழுக்கூட்டத்துல சொன்னேன். சொன்ன உடனே ஒரு அக்கா எழுந்துட்டாங்க. "சீட்டுக்கட்டா? என் தாலிக்கொடி போனதே சீட்டுலதான். நான் கையெழுத்துப் போடமாட்டேன்"னாங்க. கூட்டத்துல யாரும் பேசலை. அவங்க சொன்னது எங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். நம்ம ஊர்ல சீட்டுன்னா ஆத்தங்கரையில ஆம்பளைங்க உட்கார்ந்து கூலிக்காசை விடுற சீட்டு.

நான் அடுத்த கூட்டத்துக்கு விசாரிச்சுட்டு வந்தேன். கஞ்சிபான்னு நம்ம நாட்டுல பழைய வட்டச்சீட்டு இருக்கு. தசாவதாரக் கட்டுல 10 அவதாரத்துக்கும் 12 சீட்டு, ஆக 120. மைசூர்லயும், மகாராஷ்டிரத்துல சாவந்த்வாடியிலயும், ஒடிசாவுலயும் கையால வரைவாங்க. ஒடிசாவுல துணியையே புளியங்கொட்டைப் பசையில ஒட்டி அட்டையாக்குறாங்க. சீட்டுங்கிறது ஓவியமாவும் இருக்கலாம்னு எல்லாருக்கும் புரிஞ்சது. ஆனாலும் அந்த அக்கா சொன்னதை நாங்க தள்ளலை. தீர்மான நோட்டுல எழுதினோம்: எண் கிடையாது, ராஜா ராணி கிடையாது, காசு வைச்சு ஆட வழி இருக்கக்கூடாது.

அப்புறம் ஓவியர் ஐயா வீட்டுக்குப் போனோம். அவர் எங்களை உட்கார வைச்சு முழுசாக் கேட்டார். கேட்டுட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "நீங்க பிரஸ்ல அச்சடிச்சு விலை குறைச்சு விட்டா, எங்க துணியை யாரும்மா வாங்குவாங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடினதுதான் எங்க டிசைன். மூணு முடிவு எடுத்தோம். ஒண்ணு, அவங்க குடும்பம் வழிவழியா எழுதுற உருவங்களை அப்படியே எடுக்கிறதில்லை. கொடி, அன்னம், மாங்காய், தாமரை எல்லாம் நாங்களே வரையறது, அவர் பார்த்துத் திருத்தறது. ரெண்டு, கட்டுக்கு 10 ரூபாய் அவருக்கு, அதுவும் முன்பணமா. மூணு, அட்டையைப் பெட்டியில போடாம, அவர்கிட்டயே எழுதின துணியோட வெட்டுத்துண்டுகளை விலைக்கு வாங்கிச் சுருக்குப் பை தைச்சு அதுல போடறது. அட்டையை எடுக்கிற கை, அசல் துணியைத் தொட்டுத்தான் எடுக்கணும்.

எத்தனை அட்டைன்னு பிரஸ்காரர் கணக்கு சொன்னார். 18-க்கு 23 அங்குலத் தாள்ல, ரெண்டரைக்கு மூணரை அங்குல அட்டை 36 வரும். அதனால 4 நிறம், நிறத்துக்கு 9 அட்டை. கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம். ஒவ்வொரு நிறத்துலயும் பொருள்ல ஆரம்பிச்சு, வேலைகளைக் காட்டி, முடிஞ்ச துணியில முடியும்.

உதாரணத்துக்குக் கறுப்பு. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த தண்ணியில ஊறவைச்சுக் காயப்போடணும். பால்ல இருக்கிற கொழுப்பு, எழுதுற மை பரவாம பிடிச்சுக்கும். இரும்புத் துண்டையும் வெல்லத்தையும் தண்ணியில போட்டு நாள்கணக்கா ஊறவைச்சு எடுக்கிறதுதான் மை. அது கடுக்காய் ஏறின துணியில பட்டதும் கறுத்துடும்.

சிவப்பு இன்னும் வேடிக்கை. படிகாரத் தண்ணியால எழுதும்போது பெருசா ஒண்ணும் தெரியாது. சாய வேரோட கொதிக்கவைச்சா, படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து வரும். அதனால சிவப்புக் கட்டுல முதல் அட்டைகளை வெளிறின கோட்டுல போட்டோம். கொதி அட்டைக்கு அப்புறம்தான் சிவப்பு வரும். மஞ்சளுக்கு மாதுளந்தோல், கடுக்காய்ப்பூ. நீலத்துக்கு அவுரி. அவுரியைப் பழைய முறையில தொட்டியில முக்கணும், நீலம் வேண்டாத இடத்தை மெழுகு பூசி மறைக்கணும்.

விளையாட்டு சுலபம். 4 பேருக்கு ஆளுக்கு 7 அட்டை, மீதி 8 நடுவுல. "மஞ்சள்ல மாதுளந்தோல் இருக்கா?"ன்னு பக்கத்து ஆளைக் கேட்கணும். இருந்தா கொடுக்கணும், இல்லைன்னா நடுவுல இருந்து எடுத்துக்கணும். ஒரு நிறத்துல ஒன்பதும் சேர்த்தவங்க கீழே விரிக்கணும். கேட்டுக் கேட்டே பிள்ளைங்களுக்குப் பேரெல்லாம் மனப்பாடம் ஆயிடுது.

வரையறது நானும் இன்னும் ரெண்டு பேரும். கோலம் போட்ட கைதானேன்னு நினைச்சோம். கோல இழை ஒரே கனத்துல ஓடும். கலம் கோடு தடிச்சு, மெலிஞ்சு, திரும்பத் தடிக்கும். அன்னத்தோட கழுத்துக்கு மட்டும் ஐயா எங்களை 11 தடவை திரும்ப வரைய வைச்சார்.

கணக்கையும் சொல்லிடறேன். 300 கட்டு. கட்டுக்கு அச்சு 60, பைத்துணி 35, தையல் கூலி 15, ஐயாவுக்கு 10. ஆக 120. மொத்தம் 36,000 ரூபாய் குழு உள்கடன். விலை 200. இதுவரை 212 கட்டு வித்து 42,400 வந்திருக்கு. கடன் வட்டியோட அடைஞ்சாச்சு.

நடுவுல ஒரு வியாபாரி 200 கட்டு மொத்தமாக் கேட்டார். ஆனா பை மட்டும் மில் பிரிண்ட் துணியில வேணும், மேலே கருப்பூர் கலம்காரின்னு பெரிய எழுத்துல போடணும்னார். அந்தப் பேருக்கு 2021-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. அது கையால எழுதுறவங்க பேரு. பிரஸ்ல அடிச்ச அட்டைக்கும் மில் துணிக்கும் அதை எப்படி ஒட்டறது? கூட்டம் ராத்திரி ஒன்பது வரைக்கும் நடந்தது. பணத்தேவை இல்லாதவங்க எங்க குழுவுல யாரும் இல்லை. கடைசியில முடியாதுன்னு சொல்லிட்டோம். எங்க அட்டையில "இது அச்சடித்த அட்டை; பைதான் கையால் எழுதிய துணி"ன்னு இருக்கும். அது இருந்தே தீரும்.

வாங்கினவங்கள்ல நாலு பேர் பையைப் பார்த்துட்டு ஐயா வீட்டைத் தேடிப் போய்த் துணி வாங்கியிருக்காங்க. நாலு பேர்தான். ஆனா அவர் கேட்ட கேள்விக்கு அது பதில்.

தாலிக்கொடி போன அக்கா இன்னைக்கும் அட்டையைக் கையில வைச்சு விளையாடமாட்டாங்க. ஆனா பை கட்டறதுக்கு முன்னாடி 36 இருக்கான்னு எண்ணிப் பார்க்கிறது அவங்கதான். ஒரு கட்டுகூட குறைஞ்சு போனதில்லை.

மத்த குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க ஊர்ல பாய் இருக்கும், பானை இருக்கும், பித்தளை இருக்கும். அதைப் பார்த்து ஏதாவது செய்யும்போது, யார் தொழில், அவங்களுக்கு என்ன பங்கு, பொருள் மேலே என்ன எழுதப்போறோம், இந்த மூணையும் முதல்லயே தீர்மான நோட்டுல எழுதிடுங்க. கூட்டமைப்பும் கண்காட்சியில கடை போடும்போது எழுதுற ஓவியருக்கும் எங்க பக்கத்துல ஒரு மேசை கொடுக்கணும்னு கேட்டுக்கறேன்.

மீதி 88 கட்டு வெளியில மேசையில இருக்கு. போகும்போது பையைத் தொட்டுப் பாருங்க.